விலகி நிற்க முடிந்தவர்கள், முடியாதவர்கள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு, கொரோனா பரவலைத் தடுக்கத் தமிழகம் முழுவதும் 144 தடையுத்தரவு அமலானது. மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஊர் ஊராகச் சாமிகள் வந்திறங்கும் கடலூர்க் கடற்கரை வெறிச்சோடியது. ஊரடங்கை மதித்தவர், மீறியவர் என்று அன்றைய மக்களை இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. ஆனால் யார் விலகி நிற்க முடியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவரவர் பிழைப்புதான். கடல் மீன்பிடிப்புக்கு ஏப்ரல் 10 அன்று மத்திய அரசு விலக்களித்தது. மீன் ஏலமோ, கூடையைச் சுற்றித் தோளோடு தோள் நின்று கேட்பது. ஐஸ் கரைவதற்குள் விலை படிந்தாக வேண்டும். ஆறடி தள்ளி நின்றால் செவுளின் நிறம்கூடத் தெரியாது.

மே முதல் வாரத்தில் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென எகிறியது. தொற்றுக்குள்ளானோரில் பெரும்பாலோர் சென்னை கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள். பொறுப்பில்லாமல் நோயைச் சுமந்து வந்தார்கள் என்ற பழி அவர்கள்மேல் விழுந்தது. நோய் அவர்களோடு வந்தது உண்மை. ஊராரின் அச்சமும் பொய்யல்ல. ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்களின் அடுப்புக்குக் காய்கறி போய்ச் சேர்ந்தது இவர்கள் தோளில் ஏறித்தான். வேலை சுருங்கி, கூலியும் தங்குமிடமும் போனபின் சொந்த ஊரைத் தவிர அவர்களுக்குப் போக்கிடம் ஏது? அத்தியாவசியம் என்று அதுவரை திறந்திருந்த அந்தச் சந்தை, மே 5 அன்று மூடப்பட்டது.