லான்ரையாடர் ஊரும் வெல்ஷ் மொழியும்

வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலையடிவாரத்தில் லான்ரையாடர்-அம்-மொக்நன்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கு. "லான்" என்றால் தேவாலயம், "ரையாடர்" என்றால் அருவி. ஊருக்கு மேலே சில மைல் தள்ளி சுமார் 73 மீட்டர் உயர அருவி ஒன்று விழுகிறது. ஆனால் நான் இந்த ஊரைத் தேடிப் படித்தது அருவிக்காக இல்லை, வெல்ஷ் மொழி எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்காக.

1536-லேயே வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் மக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. புரியாத மொழியில் வழிபாடு நடத்தினால் புராட்டஸ்டன்ட் மதம் எப்படி வேரூன்றும்? அதனால் 1563-ல் பைபிளை வெல்ஷில் மொழிபெயர்க்கச் சட்டம் போட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை பாருங்க. வெல்ஷ் பிரதிக்குப் பக்கத்திலேயே ஆங்கிலப் பிரதியும் வைக்கணும், ஒப்பிட்டுப் பார்த்து மக்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு!

1567-ல் புதிய ஏற்பாடு வந்தது. அதை முக்கியமாகச் செய்த வில்லியம் சேல்ஸ்பரி, சொற்களை லத்தீன் சாயலில் எழுதினார். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. வாசிப்பவர்கள் திணறினார்கள்.

1578-ல் லான்ரையாடருக்குப் பாதிரியாராக வந்தவர் வில்லியம் மோர்கன். கேம்பிரிட்ஜில் ஹீப்ருவும் கிரேக்கமும் படித்தவர். உள்ளூர்ப் பெரிய குடும்பத்தோடு சண்டை, வழக்கு எல்லாம் இருந்தது. அதற்கு நடுவில்தான் முழு பைபிளையும் முடித்தார். அச்சுக் கோர்ப்பவர்களுக்கு வெல்ஷ் தெரியாததால் லண்டனிலேயே தங்கி மேற்பார்வை பார்த்தார். 1588-ல் புத்தகம் வெளிவந்தது.

எழுத்தைச் சீராக்கியதும், கவிஞர்கள் பேணி வந்த செம்மையான நடையை எடுத்துக்கொண்டதும்தான் அவர் செய்த பெரிய காரியம். வெல்ஷுக்கு அப்போது அரசவையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் தேவாலயம் இருந்தது. வாராவாரம் ஒரே நடை எல்லோர் காதிலும் விழுந்தது. 1620-ல் திருத்திய பதிப்பு; 1630-ல் ஐந்து ஷில்லிங் விலையில் சின்னப் பதிப்பு, வீட்டுக்குள்ளும் போனது. அடுத்த நூற்றாண்டில் லான்தௌரர் என்ற இன்னொரு சின்ன ஊரின் பாதிரியார் கிரிஃபித் ஜோன்ஸ், ஊர் ஊராக நகரும் பள்ளிகள் நடத்தி, இதே பைபிளை வைத்துப் பல்லாயிரம் பேருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பக்கத்து உறவுமொழியான கார்னிஷுக்கு இப்படி ஒரு பைபிள் கிடைக்கவில்லை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அது பேச்சுவழக்கிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோனது. இது ஒன்றே காரணம்னு சொல்லிட முடியாது, ஆனால் பெரிய காரணம்.

2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். 2011-ல் 19 சதவீதம். புத்தகம் காப்பாற்றிக் கொடுத்த மொழியை இனி வீடும் பள்ளிக்கூடமும்தான் காப்பாற்றணும்.