லிட்டர் கணக்கு மட்டும் போதாது: சின்ன பவளத் தொட்டியில் நீரோட்டம்

கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் பம்ப் வாங்கணும்?" என்பதுதான். இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. மென்பவளங்கள் என்றால் தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு, கிளைவிடும் கடினப் பவளங்கள் என்றால் 30, 40 மடங்கு. இது தப்பான பதில் இல்லை. ஆனால் இந்த எண் பம்ப்பைப் பற்றிச் சொல்கிறதே தவிர, பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த வரையில், நீரோட்டத்தில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில், பவளத்துக்கு ஓட்டம் எதற்கு? பவளம் ஒரு விலங்கு. செவுள் கிடையாது, இதயம் கிடையாது, பிடிக்காத இடத்தை விட்டு எழுந்து போகவும் முடியாது. மூச்சு விடுவது, கழிவை வெளியேற்றுவது, இரை பிடிப்பது எல்லாமே தன்னைத் தொட்டு ஓடும் தண்ணீரை நம்பித்தான். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் குவிக்கும். அந்த மிச்சம் வெளியே போகணும். இரவில் பாசியின் உற்பத்தி நின்றுவிடும். அப்போது ஆக்சிஜன் வெளியிலிருந்து உள்ளே வந்தாகணும்.

சிக்கல் என்னவென்றால், எந்தப் பரப்பை ஒட்டியும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அதை ஆக்சிஜன் பரவல் மூலமாகத்தான் கடக்க முடியும். பரவல் ரொம்ப மெதுவான வேலை. தண்ணீரில் ஆக்சிஜனின் பரவல் எண் நொடிக்குச் சுமார் 0.002 சதுர மில்லிமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போட்டால், 1 மி.மீ. படலத்தைக் கடக்கச் சுமார் 250 நொடி, அதாவது நான்கு நிமிடம் ஆகிறது. அதே படலம் 0.1 மி.மீ. ஆக மெலிந்தால் இரண்டரை நொடி போதும். தடிமன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. ஓட்டத்தின் முக்கியமான வேலை இந்தப் படலத்தை மெலிய வைப்பதுதான்.

பவளமும் சும்மா இருப்பதில்லை. அதன் மேல்தோலில் உள்ள நுண்ணிய இழைகள் துடித்துத் துடித்துச் சின்னச் சுழல்களை உண்டாக்கி, படலத்தைக் கலக்குகின்றன என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் வெளி ஓட்டத்துக்கு அது முழு மாற்று ஆகாது. 1998-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, ஒக்கினாவாவில் சில பிழைத்தன, சில செத்தன. இந்த வித்தியாசத்துக்கு நீரோட்டமும் ஒரு காரணம் என்று நகமுராவும் வான் வோசிக்கும் 2001-இல் எழுதினார்கள். நல்ல ஓட்டத்தில் இருந்தவை அதே வெப்பத்தை மேலாகத் தாங்கின. ஆக, நம் தொட்டியிலும் இது வெறும் அலங்காரச் சமாச்சாரம் இல்லை.

சரி, லிட்டர் கணக்குக்கு வருவோம். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீர்மட்டம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை, மணல் போகச் சுமார் 75 லிட்டர் தண்ணீர். இதில் மணிக்கு 2000 லிட்டர் பம்ப் வைத்தால் கிட்டத்தட்ட 27 மடங்கு. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த 2000 லிட்டரும் தொட்டியின் முழுக் குறுக்குவெட்டில் சமமாக ஓடினால், வேகம் நொடிக்கு 4 மி.மீ. மட்டுமே. அதே தண்ணீர் 2.5 செ.மீ. விட்டமுள்ள குழாய் வாயில் பாய்ந்தால் நொடிக்கு 113 செ.மீ. அகலமான வாயுள்ள வேவ் மேக்கரில், 5 செ.மீ. விட்டம் என்றால், 28 செ.மீ. பாயும் தண்ணீர் பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் நிஜத்தில் நிலைமை கொஞ்சம் மேலாக இருக்கும். ஆனாலும் விஷயம் புரிந்திருக்கும். ஒரே பம்ப், ஒரே லிட்டர். ஒரு மூலையில் சூறாவளி, இன்னொரு மூலையில் குட்டை.

அதனால் சின்னத் தொட்டிக்கு என் சிபாரிசு: குறுகிய வாயுள்ள ஒரு பெரிய பம்ப்பை விட, அகல வாயுள்ள இரண்டு சின்ன வேவ் மேக்கர்கள் மேல். எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, மாறி மாறி ஓடும்படி செய்தால் இன்னும் நல்லது. கடலில் அலை போய் வருவதால், பவளத்தின் எல்லாப் பக்கமும் மாறி மாறித் தண்ணீர் படும். ஒரே திசையில் நாள் முழுக்க அடித்தால் முன்பக்கம் நைந்துபோகும், பின்பக்கத்தில் கசடு சேரும். எந்தப் பம்ப்பையும் பவளத்தை நோக்கி நேராகத் திருப்பாதீர்கள். எதிர்க் கண்ணாடியையோ நீர்ப்பரப்பையோ நோக்கித் திருப்பினால், மோதிச் சிதறிய ஓட்டம் பவளத்துக்கு வந்து சேரும். பாறைகளைப் பின் கண்ணாடியோடு ஒட்டி அடுக்காமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். தண்ணீர் பின்னாலும் போய் வரணும்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடியில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பொடித்த மீன் தீனியைச் சிட்டிகை அளவு விட்டு, ஒரு துகள் அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இரண்டு நொடி ஆனால் வேகம் நொடிக்கு 5 செ.மீ. ஒவ்வொரு பவளத்தின் பக்கத்திலும் நான் இப்படித்தான் பார்ப்பேன். துகள் எங்கே போய்ப் படிகிறதோ, அதுதான் தொட்டியின் செத்த மூலை.

கடைசித் தீர்ப்பு பவளத்துடையது. என் தொட்டியில் இருப்பவை மென்பவளங்களும் அவற்றின் உறவுக்கார இனங்களும்தான். (கடினப் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வருவதெல்லாம் குற்றம்.) மஷ்ரூம் கோரல் மெல்லிய ஓட்டத்தில் தட்டையாக விரியும். ஓட்டம் அதிகமானால் சுருங்கி ஓரம் மடங்கும். லெதர் கோரல் அவ்வப்போது மூடிக்கொண்டு, மெழுகு போன்ற தோலை உரிக்கும். அதை அடித்துக்கொண்டு போக ஓட்டம் இல்லாவிட்டால் அடியில் அழுக ஆரம்பிக்கும். மணல் மேல் சிவப்புப் படலம் படர்ந்தால் அங்கே ஓட்டம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். எதை மாற்றினாலும் கொஞ்சமாக மாற்றி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர்களில் மறக்கவே கூடாதது: கரண்ட் கட். அதே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏற ஏற இன்னும் குறையும். வேவ் மேக்கர் நின்றால் மேற்பரப்பு அசைவும் நிற்கும். ராத்திரியில், பாசியும் ஆக்சிஜன் தராத நேரத்தில், மீன், பவளம், பாறையில் உள்ள பாக்டீரியா எல்லாமே இருக்கிற கொஞ்சத்தைத்தான் பகிர்ந்துகொள்ளணும். ஆகவே இரண்டாவது வேவ் மேக்கருக்கு முன்னால், கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள்.