வளவுக் கோழிகள் முட்டையிடாது நிற்பது ஏன்?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோழியில்லாத கமக்காரர் வளவு அரிது. ஐப்பசியில் விதைத்த பெரும்போக நெல், மாசி பங்குனியிலேதான் வீடு வந்து சேரும். அதுவரை கையிற் காசு குறைந்திருக்கும் நாட்களிற் பிள்ளைகளின் உணவுக்கும் கடைச் செலவுக்கும் துணைநிற்பது முட்டையே. அந்நாட்களிற் பேடுகள் முட்டையிடாது நின்றுவிட்டால், மனஞ்சலித்து அவற்றை வியாபாரியிடம் கொடுத்துவிடுவோர் பலர். இவ்வாறு விற்கப்படும் பேடுகளுள் பல, சில வாரங்களில் மீண்டும் முட்டையிடத் தொடங்கியிருக்கக் கூடியவை. ஆகவே, காரணத்தை அறியாமற் கோழியை விற்றலாகாது.

முட்டை நின்றதா, மறைந்ததா?

முதலில் ஆராய வேண்டியது இதுவே. அவிழ்த்துவிட்ட கோழி வைக்கோற்போரின் அடியிலும், வேலியோரப் பற்றையிலும், விறகுக் குவியலின் இடையிலும் களவாக முட்டையிடும். கீரியும் உடும்பும் பாம்பும் அம்முட்டைகளை உண்டுவிடும். ஐயமுள்ள பேட்டைப் பிடித்து, கழிவாயின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளைத் தடவிப் பார்க்க. இரண்டு அல்லது மூன்று விரல்கள் இடையிற் பொருந்தினால், கழிவாய் அகன்று ஈரமாயிருந்தால், கொண்டை சிவந்து பருத்திருந்தால், அப்பேடு முட்டையிடுகிறது. தேட வேண்டியது முட்டையையே. ஒரு விரல் மட்டுமே பொருந்தி, கொண்டை சுருங்கி, கழிவாய் உலர்ந்திருந்தால், முட்டையிடல் நின்றுள்ளது அல்லது இன்னும் தொடங்கவில்லை எனக் கொள்க.

களவாக முட்டையிடும் பேடுகளைச் சில நாட்கள் முற்பகல் வரை கூட்டில் மறித்து வைத்தல் நன்று. இருண்ட மூலையிற் பழைய கடகமொன்றில் உலர்ந்த வைக்கோலிட்டு, கரியால் அடையாளமிட்ட முட்டை ஒன்றை அதில் விட்டுவைத்தால், பேடுகள் அவ்விடத்தைப் பழகிக்கொள்ளும். நான்கு அல்லது ஐந்து பேடுகளுக்கு ஒரு கடகம் போதும்.

அடையும் இறகுதிர்த்தலும்

நாட்டுக்கோழி 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டு அடைகிடக்கும். குஞ்சு பொரிக்க 21 நாட்களாகும். பின்னர் குஞ்சுகளை நடத்தித் திரியும் இரண்டு மூன்று மாதங்களும் தாய்க்கோழி முட்டையிடாது. இது நோயன்று, இயல்பே. குஞ்சு வேண்டாதபோது, அடைக்கோழியைத் தரையினின்றும் உயர்ந்த, கம்பிவலை அல்லது இடைவெளி விட்ட மரச்சட்ட அடியுடைய கூட்டில், வெளிச்சமும் தீனும் நீரும் கொடுத்து மூன்று நான்கு நாட்கள் வைத்தால் அடை தெளியும். நீரில் அமிழ்த்துதலும் மூக்கில் இறகு கோத்தலும் கோழியை வருத்துமேயன்றிப் பயன்தரா.

ஓராண்டளவு முட்டையிட்ட பேடு பழைய இறகை உதிர்த்துப் புதியதை வளர்க்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. உடல் அதற்கே உணவைச் செலவிடுவதால் இரண்டு மூன்று மாதங்கள் முட்டை நின்றுவிடும். இக்காலத்திலே தீனைக் குறைப்பது பெரும் பிழை.

தீனிற் குறைவு

நம் வளவுகளில் முட்டை குறைவதற்குரிய பெருங்காரணம் இதுவே. நெல்லும் சோறும் மாத்திரம் உண்ணும் கோழி கொழுக்கலாம். ஆனால் முட்டைக்கு வேண்டிய புரதமும் சுண்ணமும் அவற்றிற் போதா. பெருமழைக் காலத்தில் வளவு நீரில் மூழ்கிக் கிடக்க, மேய்ந்து பெறும் புழுபூச்சிகளும் குறைகின்றன.

வாவிக்கரையில் இக்குறையைப் போக்கும் பொருள்கள் எளிதிற் கிடைப்பன. நிறையிற் புதுத்தவிடு 4 பங்கு, குறுணல் 3 பங்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு 2 பங்கு, உப்பிடாது உலர்த்திய மீன்தூள் 1 பங்கு எனக் கலந்தால் ஏறத்தாழ 16 வீதம் புரதமுள்ள தீனாகும். மேய்ச்சலுக்கு மேலாகப் பேடொன்றுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் அளவு மாலையிற் கொடுக்கலாம். உப்புக் கருவாட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது. மழைக்காலத்திற் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், அதை எறிந்துவிடுக.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணகம் உண்டு. மட்டி, சிப்பி ஓடுகளைக் கழுவி உலர்த்தி இடித்து, ஒரு சிரட்டையிற் தனியே வைத்தால், வேண்டிய அளவைக் கோழியே தெரிந்துண்ணும். தோட்டத்திற் கழித்த கீரையும் முருங்கையிலையும் நல்லவை. ஆயின் அண்மையில் மருந்து தெளித்த இலைகளையும் மருந்து கலந்த விதைநெல்லையும் கோழி அணுகவிடலாகாது.

நீரும் வெளிச்சமும்

முட்டையின் நிறையில் மூன்றிலிரு பங்கு நீரே. கச்சான் வீசும் கோடையில் ஒரு பகல் நீரின்றித் தவித்த கோழி, பின் பல நாட்கள் முட்டை குறைக்கும். நிழலில் மட்பாண்டத்தில் நீர் வைத்து, நாளுக்கு இருமுறை மாற்றுக. எழுவான்கரையிற் கோடையில் உவர்ப்பேறும் கிணற்று நீரைத் தவிர்த்து, குடிநீரையே கொடுத்தல் வேண்டும்.

இலண்டன் போன்ற இடங்களிற் கோடைப்பகல் 16 மணித்தியாலத்துக்கு மேலும், மாரிப்பகல் 8 மணித்தியாலத்துக்குக் குறைவாகவும் இருப்பதால், மாரியிலே முட்டை நின்றுவிடும். மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திலும் குறைவு. எனவே குறும்பகல் இங்கே பெருங்காரணமன்று. ஆயினும் மழைநாளில் நெடுநேரம் இருட்கூட்டில் அடைத்து வைத்தல் தீங்கு தரும். விடியற்காலையிலேயே கூட்டைத் திறத்தல் வேண்டும்.

உண்ணியும் நோயும்

கோழியுண்ணி பகலிற் கூட்டின் வெடிப்புகளில் ஒளிந்து, இரவில் இரத்தம் உறிஞ்சும். பகலிற் கோழியை மட்டும் பார்ப்போர் அதனைக் காணார். இரவில் விளக்குடன் கூட்டையும் தாவுகட்டையையும் சோதிக்க. வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுக. சாம்பலும் உலர்மணலும் கலந்த குழியொன்று இருந்தால், அதிற் புரண்டு கோழி பேனை நீக்கிக்கொள்ளும். பயிருக்கு வாங்கிய பூச்சிகொல்லியைக் கோழியின் மேலோ கூட்டிலோ தெளித்தலாகாது.

பல கோழிகள் ஒருங்கே முட்டை நிறுத்தி, பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் காணப்படின், இராணிக்கேத்து நோயென ஐயுறுக. உடனே பிரித்து வைத்து, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். நோய் வந்தபின் மருந்தில்லை; முன்னரே தடுப்பு மருந்திடுதலே வழி.

இளம்பேடு காலந்தாழ்த்தல்

நல்லின மேம்படுத்திய பேடு ஐந்து, ஆறு மாதத்திலும், நாட்டுப்பேடு ஆறு, ஏழு மாதத்திலும் முட்டையிடத் தொடங்கும். அதற்கு முன் கவலை வேண்டாம். அதற்கு மேலும் தாமதித்தால், குஞ்சுப் பருவத்தில் தீன் போதாமையும் குடற்புழுவுமே பெரும்பாலும் காரணமாகும். பெரிய கோழிகளுடன் குஞ்சுகளைத் தீனிட்டால் பெரியவையே உண்டுவிடும். சிறு குஞ்சுகள் மட்டும் நுழையத்தக்க கூடையைக் கவிழ்த்து, அதனுள்ளே தீனிடுக. வைத்திய அலுவலர் கூறும் அளவிற் புழுமருந்து கொடுக்க.

விற்குமுன் பார்க்க வேண்டியவை

மறைந்த முட்டையைத் தேடுக. அடையும் இறகுதிர்த்தலும் உண்டா எனப் பார்க்க. தீனையும் நீரையும் ஆறு வாரம் திருத்துக. இரவிற் கூட்டைச் சோதிக்க. இவையனைத்தும் செய்த பின்னும் முட்டையிடாத முதிர்ந்த பேடுகளையே கழித்தல் முறை. இவ்வாறு செய்வோர், அறுவடைக்கு முந்திய நெருக்கடி நாட்களிலும் கடகத்தில் முட்டை காண்பர்.