இலைக்குள் புகுந்து வரும் வெயில்

பிச்சாவரத்தில் படகேறுபவர்களில் பெரும்பாலானோர் வெயிலுக்கு முதுகைக் காட்டியபடிதான் படம் எடுக்கிறார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பெட்டி கேமரா காலத்துப் பாடம். முகங்களுக்கு அது பொருந்தும். இலைகளுக்கு அதைவிட நல்ல இடம் எதிர்ப்பக்கம்: சூரியனுக்கும் கேமராவுக்கும் நடுவே இலை நிற்க வேண்டும்.

காரணம் எளிது. இலையின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் வானத்தின் வெண்மையும் கலந்துவிடுகிறது. மேற்பரப்பு வழவழப்பான இலையென்றால், படத்தில் பச்சையைவிடப் பளபளப்பே கூடுதலாக விழும். இலையைத் துளைத்து வரும் ஒளியோ பச்சையத்தைக் கடந்தாக வேண்டும். சிவப்பிலும் நீலத்திலும் பெரும்பகுதியைப் பச்சையம் உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சி வருவது மஞ்சள் தோய்ந்த அடர்பச்சை. விளக்குக்கு முன் பிடித்த விரல்கள் சிவந்து தெரிவதுபோல, இலையும் உள்ளிருந்தே ஒளிர்வதாகத் தோன்றும். நரம்பும் பூச்சி அரித்த ஓட்டையும்கூடத் துலங்கும்.

எல்லா இலையும் ஒரேபோல் ஒளிராது என்பதைக் கற்றுக்கொள்ளப் பிச்சாவரம் அருமையான இடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 1,100 ஹெக்டேருக்கு மேல் பரந்த இந்த அலையாத்திக் காடு 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சுரபுன்னையின் முற்றிய இலை தடித்தது. வெயில் எளிதில் ஊடுருவாது. அதில் கொழுந்தைத்தான் தேட வேண்டும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. அது வேரில் ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம். காய்ந்த உப்புத் துகள்கள் எதிர்வெயிலில் மினுங்கும்.

தில்லைதான் இங்கே நாயகன். பக்கத்து ஊரான சிதம்பரத்தின் நடராசர் கோயிலுக்குத் தலமரம் அது. ஊருக்கே தில்லை என்று பெயர் தந்தது. ஊருக்குள் இன்று அந்தக் காடு இல்லை, பிச்சாவரத்தில் இருக்கிறது. உதிரும் முன் தில்லையின் இலை ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். பச்சைச் சுவருக்கு நடுவே அப்படி நாலு இலை வெயிலை ஏந்தி நின்றால், வேறெதையும் படத்தில் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்து எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

நேரம் இன்னொரு சிக்கல். சிதம்பரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதயமான ஒரு மணி நேரத்தில் 15 பாகை உயரத்தை நெருங்கிவிடும். லண்டனில் அதே நேரத்தில் 9 பாகைதான். ஐரோப்பியப் படப் புத்தகங்கள் சொல்லும் நீண்ட பொன்னொளி நேரம் நமக்குக் கிடையாது. பெரும்பாலான படகுகள் கிளம்புவதற்குள் வெயில் உச்சியை நோக்கி நகர்ந்திருக்கும். அதனால் நட்டமில்லை. குறுகலான வாய்க்கால்களில் கிளைகள் தலைக்கு மேல் கூரையாகக் கூடுகின்றன. படகில் தாழ உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் எதிர்வெயில் அங்கேயே கிடைக்கும். இலைக்குப் பின்னே நிழல் இருண்டு நிற்கும் கோணத்தைத் தேடி, துடுப்பைச் சற்று நிறுத்தச் சொல்லிக் கேட்டால் போதும்.

விடியலின் தாழ்ந்த வெயில்தான் வேண்டுமென்றால் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களுக்குப் போகலாம். மார்கழிப் பனித்துளியோடு நெல்தாள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் படரும் அடம்பின் ஊதா மலர்களும் காலையிலேயே விரிபவை.

எடுக்கும்போது பின்னணி வானமாக இருந்தால் கேமரா ஏமாந்து இலையை இருட்டாக்கும். பின்னணி நிழலாக இருந்தால் இலையை வெளுப்பாக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஒரேயடியாக வெளுத்த இடத்தில் பிறகு மீட்க நிறமே இராது. கைப்பேசியில் இலையின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். சூரியனை ஒரு கிளைக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் லென்ஸில் புகைபோல் படரும் வெளுப்பு குறையும். வசதி இருந்தால் ரா கோப்பாகப் பதிவது நல்லது. 14 பிட் ரா ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் வரை பிரித்து வைக்கும். ஜேபெக்கில் 256 படிகள்தான்.

இனி எடிட்டிங். முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். தானியங்கி அமைப்பு, காலை வெயிலின் மஞ்சளைக் கோளாறென்று நினைத்துக் கழித்துவிடும். 5,500 கெல்வின் அளவில் வைத்துத் தொடங்கினால் அந்த மஞ்சள் திரும்பும். அடுத்து, மிகுவெளிச்சப் பகுதிகளைச் சற்றுக் குறைத்து, கருமையைச் சற்று ஆழமாக்கினாலே பாதிப் படம் தேறிவிடும்.

பலர் தடுக்கி விழுவது நிறத்தில்தான். எதிர்வெயில் இலையில் நாம் பச்சை என்று நினைப்பதன் பெரும்பகுதி மென்பொருளின் கணக்கில் மஞ்சள். பச்சைக்கான ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் இலை பெரிதாக மாறாது. மஞ்சளைத் தொட்டால்தான் நன்றாக மாறும். அதையும் நீலப்பச்சைப் பக்கம் தள்ளிவிட்டால் சுரபுன்னை, வெண்கண்டல், நெல் எல்லாமே பிளாஸ்டிக் இலையாகிவிடும். மரத்துக்கு மரம் மாறும் பச்சைக்காகத்தானே அவ்வளவு தூரம் போனது? தில்லையின் சிவப்புக்கு ஆரஞ்சு ஸ்லைடர் உதவும். ஆனால் படகில் இருப்பவர்களின் முகமும், போட்டிருக்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டும் சேர்ந்தே மாறும். எனவே மாஸ்க் போட்டு இலைக்கு மட்டும் மாற்றுவதே முறை.

இந்த வேலையைப் படகிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டாம். வெயிலில் திரை மங்கலாகத் தெரிவதால் படத்தை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கிவிடுவோம். வீட்டில், கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை அமைப்பை அணைத்துவிட்டுச் செய்யலாம். பிரிண்ட் போடுவதென்றால் இன்னொன்றும் உண்டு. திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது, காகிதத்துக்குப் பின்னால் இல்லை. திரையில் சரியாக இருந்த படம் காகிதத்தில் சற்று இருண்டே வரும். பெரிய அளவில் போடும் முன் அஞ்சலட்டை அளவில் ஒன்று போட்டுப் பார்த்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.