தனுஷ்கோடி: ஒரு பழைய போட்டோவை எப்படிப் படிக்கிறது?

தனுஷ்கோடின்னு இணையத்துல தேடிப் பாருங்க. கூரை இல்லாத சர்ச், இடிஞ்ச ரயில் நிலையம், சுத்தி மணல். கேப்ஷன் 'பேய் நகரம்'. இதெல்லாம் 1964 புயலுக்கு அப்புறம் எடுத்த படங்கள். அதுக்கு முன்னாடி இருந்த ஊரை எப்படிப் பார்க்கிறது? இன்னைக்கு அதைப் பேசுவோம்.

முதல்ல காலம். பழைய போட்டோவுல மெட்டாடேட்டா கிடையாது, படத்துக்குள்ளதான் தேடணும். 1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து கிளம்பின போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் போச்சு. அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில்ல கொழும்பு. அதனால ரயிலும் கப்பலும் சேர்ந்து நிற்கிற தனுஷ்கோடி படம்னா 1914-க்கும் 1964-க்கும் இடையில எடுத்தது. ஒரு எச்சரிக்கை: புயலுக்கு அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துல இருந்து கிளம்புச்சு. அந்தப் படமும் தனுஷ்கோடி பேர்ல சுத்தலாம். பாம்பன் படத்துல ரோட்டுப் பாலமும் தெரிஞ்சா, அது 1988 வாக்குல அல்லது அதுக்கு அப்புறம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சுது. நூறு பேருக்கு மேல இருந்த பாசஞ்சர் ரயிலையே அலை இழுத்துட்டுப் போச்சு. 'இனி வாழத் தகுதியில்லாத ஊர்'னு அரசு அறிவிச்சுது. பாம்பன் பாலத்தைச் சீக்கிரமே சரி பண்ணாங்க. தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பி வரவே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். டேட்டாவுல என்ன இருக்குங்கிறதோட, என்ன இல்லைன்னும் பார்க்கணும். அன்னைக்கு மீனவர் வீட்டுலயோ போர்ட்டர் வீட்டுலயோ கேமரா ஏது? வெளியூர்க்காரங்க எடுத்தது ரயிலும் கப்பலும். வீட்டுச் சுவர்ல ஏதாவது கல்யாணப் படம் மாட்டியிருந்தாலும், வீட்டோட சேர்ந்து அதுவும் கடலுக்குப் போயிருக்கும். மிச்சம் இருக்கிறது ஞாபகம் மட்டும்தான். அன்னைக்குப் பத்து வயசா இருந்தவங்க இன்னைக்கு எழுபதைத் தாண்டிட்டாங்க.

அதனால அப்படி ஒருத்தரைத் தெரிஞ்சா, "ஊர் எப்படி இருந்துச்சு?"ன்னு பொதுவா கேட்காதீங்க. படத்தைக் கையில கொடுங்க. "உங்க வீடு எந்தப் பக்கம்? குடிதண்ணி எங்கிருந்து வந்துச்சு? பிளாட்பாரத்துல என்ன விற்பாங்க?"ன்னு கேளுங்க. அவங்க சம்மதிச்சா போன்ல பதிவு பண்ணுங்க. பிரிண்ட் இருந்தா பின்பக்கம் பென்சில்ல மெதுவா பேர், இடம், வருஷம் எழுதுங்க. பேனா மை முன்பக்கம் ஊறிடும். ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் எடுங்க.

இன்னொன்னு. தனுஷ்கோடியில இன்னைக்கும் மீனவக் குடும்பங்கள் இருக்காங்க. அடுத்த தடவை போட்டோ போடும்போது 'பேய் நகரம்'னு எழுதாதீங்க, ஊர் பேரை எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.