‘யார் நீ?’ என்று கேட்காத ஆளி

வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் நாவற்குடாவில் கரண்ட் போகாத வாரம் அரிது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம், எங்கும் தென்னை. ஓர் ஓலை கம்பியில் விழுந்தால் போதும், மின்விநியோக ஊழியர் வந்து சேரும்வரை ஊர் இருட்டில் கிடக்கும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்ததே தானியங்கி மின்விநியோகம். 33,000 வோல்ட் கம்பிகளில் பொருத்தப்படும் ‘ரீகுளோசர்’ என்ற ஆளி, பழுதை உணர்ந்ததும் தானே திறக்கும். சில விநாடி பொறுத்து மூடிப் பார்க்கும். ஓலை விலகியிருந்தால் மின்சாரம் தொடரும். விலகாவிட்டால் சில தடவை முயன்றபின் திறந்தபடி நின்றுவிடும். தூரத்துக் கட்டுப்பாட்டறையிலிருந்து கணினி மூலமும் அதை இயக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்காடா’ என்று பெயர்.

ஆபத்தும் அவ்வழியேதான் வருகிறது. இக்கருவிகளின் கட்டளை மொழிகள் பல, கணினிக் களவு பெரிதாகத் தலைதூக்காத காலத்தவை. ‘திற’ என்றால் ஆளி திறக்கும். சொல்வது யார் என்று கேட்காது.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் இந்த ஆபத்து உண்மையானது. மாதங்களுக்கு முன்பே மின்விநியோக நிறுவனங்களின் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்புகளில் தீநிரல் ஒளிந்திருந்தது. திறந்தவர்களின் கணினி வழியே கடவுச்சொற்கள் களவுபோயின. அன்று பிற்பகல், ஊழியர் கண்முன்னே திரையில் சுட்டி தானாக நகர்ந்து ஆளிகளைத் திறந்துகொண்டே போனது. சுமார் 30 துணை மின்நிலையங்கள் அணைந்தன. ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர். முறைப்பாடு சொல்லவும் வழியில்லாதபடி போலி அழைப்புகள் தொலைபேசியை அடைத்திருந்தன.

ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வாகனமேறித் துணை மின்நிலையங்களுக்குச் சென்று, ஆளிகளைக் கையாலேயே மூடினார்கள்.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியொன்றிலும் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. நிலையத்தை இயக்கும் கணினிகள் தனி வலையமைப்பில் இருப்பதால் அவை பாதிக்கப்படவில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

நம் இலங்கைத் தீவின் மின்வலை மிகச் சிறியது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட பழுது, நாடு முழுவதையும் இருளாக்கியது. தற்செயலுக்கே இப்படியென்றால், திட்டமிட்ட கைக்கு?

அலுவலகக் கணினிகளையும் ஆளிகளை இயக்கும் கணினிகளையும் பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் அனுப்பியவரை உறுதிசெய்த பின்பே நிறைவேற வேண்டும். எத்தனை தானியங்கி ஆளிகள் வந்தாலும், அவற்றைக் கையால் இயக்கும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்க வேண்டும். மழைக்கு முன் கம்பியோரத் தென்னோலைகளை வெட்டுவதுபோல் இதுவும் பராமரிப்பு வேலைதான்.