நாயின் இனமா, வளர்ப்பவர் பொறுப்பா?

வெளிமாநிலத்து அடுக்கு வீடுகளில் வாழும் நாம், மாடிப்படியில் பெரிய நாய் எதிர்ப்படின் குழந்தையின் கையை இறுகப் பற்றுகிறோம். அவ்வச்சம் பொய்யன்று.

2024 மார்ச்சில் மத்திய அரசு, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், உரியோரைக் கலந்துகொள்ளவில்லை எனக் கூறி அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது; கடியுண்டவரின் சிகிச்சைச் செலவுக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்றும் உரைத்தது.

கலப்பின நாயை இன்ன இனமென்று அறுதியிடுவது எளிதன்று; கட்டவிழ்ந்தால் எவ்வினமும் கடிக்கும். பெரிய நாயின் கடி கொடிது. ஆகவே அதை வளர்ப்பவர்க்குப் பொறுப்பும் பெரிது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தம் விலங்கால் நேரக்கூடிய தீங்கைத் தடுக்கத் தவறுவோர்க்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது, இனத்தைக் கேட்பதில்லை.

நாய் வளர்ப்போமாயின், அதன் வார் நம் கையிலேயே இருக்கட்டும்.